தானியங்கிச் சோதனைகளில் பிணைய இணைப்பு மீள்முயற்சி: இடமும் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

மென்பொருளைத் தாமாகச் சோதிக்கும் நிரல்கள், பிணைய இணைப்பு கிட்டாத வேளையில் மீண்டும் முயல்வது இன்று பரவலான வழக்கம். இம்மீள்முயற்சி எவ்விடத்தில் நிகழ்கிறது என்பதைப் பொறுத்து அது சோதனையின் நம்பகத்தைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். சோதனை முழுவதையும் திரும்ப ஓட்டுவதற்கும், சோதனைக்கு முந்திய ஆயத்தக் கட்டத்தில் இணைப்பை மட்டும் திரும்பக் கோருவதற்கும் உள்ள வேறுபாட்டைப் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வழங்கியைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது. எப்பிழைகளுக்கு மீண்டும் முயலலாம், எவற்றுக்கு உடனே நிறுத்த வேண்டும், மீள்முயற்சி நிகழ்ந்த செய்தி ஏன் முடிவறிக்கையில் இடம்பெற வேண்டும் என்பன ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தானியங்கிச் சோதனை, மீள்முயற்சி, தடுமாறும் சோதனை, பிணைய இணைப்பு, காலக்கெடு, தரவுத்தள வழங்கி.

முன்னுரை

மென்பொருளில் ஒரு மாற்றம் செய்யப்படும்போதெல்லாம் நூற்றுக்கணக்கான, சில இடங்களில் ஆயிரக்கணக்கான, சிறு சோதனைகள் தாமாக ஓடி, அம்மாற்றம் பழைய இயக்கத்தைச் சிதைக்கவில்லை என்று சான்று கூறுகின்றன. இச்சான்றின் மதிப்பு ஒரே அடிப்படையில் நிற்கிறது: நிரல் மாறாதிருக்கும்வரை சோதனையின் முடிவும் மாறலாகாது. நிரலில் ஓர் எழுத்தும் மாறாத நிலையில் ஒருமுறை வெற்றியும் மறுமுறை தோல்வியும் காட்டும் சோதனையை இக்கட்டுரை ‘தடுமாறும் சோதனை’ என்று வழங்குகிறது. ‘நிலையற்ற சோதனை’ என்ற வழக்கும் பொருந்தக்கூடியதே. எனினும் முடிவு இருபுறமும் சாயும் தன்மையைத் ‘தடுமாற்றம்’ என்னும் சொல் கூடுதலாக உணர்த்துகிறது.

இத்தடுமாற்றம் அரிய நோயன்று. கூகுள் நிறுவனத்தின் சோதனைப் பிரிவைச் சேர்ந்த ஜான் மிக்கோ 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, அந்நிறுவனத்தின் சோதனை ஓட்டங்களுள் ஏறத்தாழ 1.5 விழுக்காடு தடுமாறும் முடிவைத் தந்தன. சோதனைகளுள் ஏறத்தாழ 16 விழுக்காடு ஏதேனும் ஓர் அளவில் தடுமாற்றம் உடையவை. வெற்றியிலிருந்து தோல்விக்கு மாறிய நிகழ்வுகளுள் 84 விழுக்காட்டில் தடுமாறும் சோதனை ஒன்று தொடர்புற்றிருந்தது என்பது அக்கணக்கின் மிகக் கவலைக்குரிய பகுதி. எச்சரிக்கை மணி ஒலிக்கும்போது அது பெரும்பாலும் பொய்மணியாக இருந்தால், மெய்மணி ஒலிக்கும் நாளில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பிணையத்தைத் தொடும் சோதனைகளில் இவ்விடர் கூடுதலாகத் தலைகாட்டுகிறது. வழங்கி இன்னும் எழவில்லை, பெயர் முகவரியாகத் தீர்க்கப்படவில்லை, இணைப்பு இடையில் அறுந்தது என்று காரணங்கள் பல. இவற்றுக்கு எளிய மருந்தாகக் கையாளப்படுவது மீள்முயற்சி. மருந்து எளியது என்பதாலேயே அளவின்றிப் புகட்டப்படுகிறது.

மீள்முயற்சியின் கணக்கு

ஒரு தொகுப்பில் 1,000 சோதனைகள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொன்றும் பிணையக் கோளாறால் ஆயிரத்தில் ஒருமுறை காரணமின்றித் தோற்கிறது. தனித்தனியே நோக்கினால் இது புறக்கணிக்கத்தக்க அளவு. ஆனால் தொகுப்பு முழுவதும் ஒருங்கே வெற்றி பெறும் வாய்ப்பு 0.999 என்பதன் ஆயிரமாம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 37 விழுக்காடு. மூன்று ஓட்டங்களில் ஏறத்தாழ இரண்டு வீணே தோற்கும். தோற்ற சோதனையை மேலும் இருமுறை ஓட்டிப் பார்த்து, ஒன்றிலேனும் வென்றால் வெற்றி என ஏற்றுக்கொண்டால் இத்தொல்லை நடைமுறையில் மறைந்துவிடுகிறது. சோதனைச் சட்டகங்கள் பலவற்றில் இதற்கென ஒரு வரி அமைப்பு போதும்.

இதே கணக்கை மறுபுறமிருந்து பார்க்க வேண்டும். சோதிக்கப்படும் மென்பொருளிலேயே ஒரு மெய்யான வழு இருக்கிறது. அது பத்தில் ஒருமுறை மட்டும் வெளிப்படுகிறது என்க. மீள்முயற்சி இல்லாத தொகுப்பு பத்து ஓட்டங்களுக்கு ஒருமுறை அதனைக் காட்டிக்கொடுக்கும். மும்முறை முயலும் தொகுப்பில் அவ்வழு தொடர்ந்து மூன்று முறை வெளிப்பட்டால்தான் தோல்வி பதிவாகும். அதன் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. பாதி முறை வெளிப்படும் வழுவும்கூட எட்டில் ஒருமுறைதான் அகப்படும். பயனரோ மூன்று முறை முயல்வதில்லை. பொய்த் தோல்வியை வடிகட்டும் சல்லடை, மெய்த் தோல்வியையும் அதே துளை வழியே விட்டுவிடுகிறது. இணைநிரலாக்க வழுக்கள், இணைப்புக் கசிவுகள் போன்ற அரிதில் தோன்றும் கோளாறுகளே களத்தில் பெருஞ்சேதம் விளைவிப்பவை. சோதனை முழுவதையும் திரும்ப ஓட்டும் முறை குருடாகிப்போவது துல்லியமாக இவ்வகையிடத்துத்தான்.

மேற்கண்ட கணக்கு ஒவ்வொரு முயற்சியும் மற்றதைச் சாராதது என்ற எடுகோளின்மேல் அமைந்தது. பிணையக் கோளாறுகள் இவ்வெடுகோளுக்குப் பெரும்பாலும் கட்டுப்படுவதில்லை. எழாத வழங்கி பத்து மில்லி விநாடி கழித்தும் எழாமலே இருக்கும். ஆகவே இடைவெளியின்றி அடுத்தடுத்து முயல்வது, மூன்று முயற்சி என்ற பெயரில் ஒரே முயற்சியைச் செய்வதாகும்.

அடித்தளத்தில் முன்பே உள்ள மீள்முயற்சி

மீண்டும் முயலும் உத்தி பிணையத் தொழில்நுட்பத்தோடு உடன்பிறந்தது. 1971இல் இயங்கத் தொடங்கிய ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் அலோகா வானொலிப் பிணையத்தில், இரு நிலையங்கள் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொண்டால் ஒவ்வொன்றும் சமவாய்ப்பு முறையில் ஒரு நேரம் காத்திருந்து மீண்டும் அனுப்பும். மெட்காஃபும் பாக்ஸும் 1976இல் விளக்கிய ஈதர்நெட் இக்கருத்தை வளர்த்தது. மோதல் நிகழுந்தோறும் காத்திருக்கும் நேரத்தின் எல்லை இரட்டிக்கும். பின்னர் வகுக்கப்பட்ட தரநிலையில் 16 முயற்சிகளுக்குப்பின் அனுப்புதல் கைவிடப்படும். இன்று மென்பொருளாளர் கையாளும் ‘இரட்டிக்கும் இடைவெளி’ என்னும் முறையின் மூலம் இதுவே.

இணையத்தின் அடிப்படையான டிசிபி நெறிமுறையும் இணைப்புக் கோரிக்கைக்கு விடை வராதபோது தானே மீண்டும் அனுப்புகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் நெடுங்காலம் இயல்பாக இருந்துவந்த அமைப்பின்படி முதற் கோரிக்கைக்குப்பின் ஆறுமுறை மறுகோரிக்கை செல்லும். இடைவெளிகள் 1, 2, 4, 8, 16, 32, 64 விநாடி. மொத்தம் 127 விநாடி கழிந்த பின்னரே ‘காலக்கெடு கடந்தது’ என்னும் பிழை நிரலுக்குக் கிட்டும். எனவே அப்பிழையைக் காணும் சோதனை நிரல், ஏழு கோரிக்கைகள் முன்பே விடையின்றிப் போயின என்று பொருள்கொள்ள வேண்டும். அதன்மேல் மும்முறை முயற்சி என்று எழுதினால் ஆறு நிமிடத்திற்கும் மேலாக ஒரு சோதனை வாளாவிருக்கும்.

‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்னும் பிழையின் இயல்பு முற்றிலும் வேறு. எதிர்முனைக் கணினி விழித்திருக்கிறது. குறித்த போர்ட் எண்ணில் கேட்பார் இல்லை என்று அது உடனே மறுமொழி தருகிறது. ஈண்டு அடித்தளம் மீண்டும் முயல்வதில்லை. விடை நொடிக்கும் குறைவான நேரத்தில் வந்துவிடுகிறது. முன்னதற்குக் காலக்கெடுவைச் சுருக்குவதும், பின்னதற்குச் சிறு இடைவெளிவிட்டுக் கேட்பதும் முறை. இரண்டையும் ‘பிணையப் பிழை’ என்ற ஒரே பையில் இட்டு ஒரே விதியால் ஆளும் சோதனை நிரல்களே நடைமுறையில் மிகுதி.

சால்ட்சர், ரீட், கிளார்க் மூவரும் எழுதி 1984இல் விரிவான வடிவில் வெளிவந்த ‘முனைக்கு முனை’ வாதம் இங்கு வழிகாட்டத்தக்கது. ஒரு செயல் நிறைவுற்றதா என்பதை முழுமையாக அறியும் ஆற்றல் பயன்பாட்டின் முனைகளுக்கே உண்டு; இடைப்பட்ட அடுக்குகள் தரும் உறுதி செயல்திறனுக்கு உதவுமேயன்றி அம்முழுமைக்கு ஈடாகாது என்பது அதன் சாரம். சோதனைக்கும் இது பொருந்தும். தோல்வியின் பொருளை அறிந்த இடத்திலேயே மீண்டும் முயல்வதா என்ற முடிவும் எடுக்கப்பட வேண்டும். சோதனையை வெளியிலிருந்து ஓட்டும் சட்டகத்துக்குத் தோல்வியின் பொருள் தெரியாது. அதற்குத் தெரிவது சிவப்பும் பச்சையும் மட்டும்.

போஸ்ட்கிரெஸ் வழங்கி: ஒரு சான்று

தரவுத்தளத்தோடு இணைந்து இயங்கும் மென்பொருளைச் சோதிக்க, ஒவ்வோர் ஓட்டத்திற்கும் புதியதொரு போஸ்ட்கிரெஸ் வழங்கியை டாக்கர் கொள்கலனில் எழுப்புவது பரவலான முறை. கொள்கலன் தொடங்கிவிட்டது என்ற செய்திக்கும் வழங்கி வினவலை ஏற்கும் நிலைக்கும் இடையே சில விநாடிகள் உண்டு. அவ்விடைவெளியில் நிகழ்வன கூர்ந்து நோக்கத்தக்கவை.

புதிய கொள்கலனில் முதலில் தரவுக் கோப்புகள் உருவாக்கப்படுகின்றன. பின்னர்த் தற்காலிக வழங்கி ஒன்று எழுகிறது. அது கொள்கலனுக்குள்ளிருந்து மட்டுமே அணுகத்தக்கது. பிணையத்தின் வழி வருவோருக்கு அது இல்லை. தொடக்கக் கட்டளைகளை நிறைவேற்றியபின் அத்தற்காலிக வழங்கி நிறுத்தப்பட்டு, மெய்யான வழங்கி எழுப்பப்படுகிறது. இதன் விளைவாக, ‘இணைப்புகளை ஏற்க ஆயத்தம்’ என்னும் செய்தி பதிவேட்டில் இருமுறை தோன்றுகிறது. முதன்முறை கண்டவுடன் ஓடிச்சென்று கதவைத் தட்டும் சோதனை, கதவே இல்லாத சுவரில் மோதுகிறது. டெஸ்ட்கன்டெய்னர்ஸ் என்னும் நூலகத்தின் ஜாவா வடிவம் போஸ்ட்கிரெஸுக்காக இச்செய்தி இரண்டாம் முறை வரும்வரை காத்திருக்குமாறு அமைக்கப்பட்டதற்குக் காரணம் இதுவே. கொள்கலனுக்குள்ளேயே ஓடும் நலச்சோதிப்பும் தற்காலிக வழங்கியைக் கண்டு ‘நலம்’ என்று அறிவித்துவிடக்கூடும் என்பதை ஈண்டுச் சேர்த்தெண்ண வேண்டும்.

இத்தகைய தோல்வியைப் பிணையக் கோளாறு என்பது வழக்கு. உண்மையில் இது காத்திருத்தலின் கோளாறு. இலினாய்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் லுவோவும் பிறரும் 2014இல் அப்பாச்சி அறக்கட்டளையின் 51 திட்டங்களில் தடுமாற்றத்தைத் திருத்திய 201 மாற்றங்களை ஆராய்ந்தனர். வகைப்படுத்தப்பட்டவற்றுள் 45 விழுக்காடு, தொடங்கிய செயல் முடியும்வரை முறையாகக் காத்திராமையால் விளைந்தவை. அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று எச்பேஸ் திட்டத்தைச் சார்ந்தது: வழங்கியை எழுப்பிவிட்டு, அது எழுவதற்கு 2 விநாடி போதும் என்ற நம்பிக்கையில் சோதனை உறங்குகிறது. வேகமான கணினியில் அது வீண்காலம். நெரிசல்மிக்க கணினியில் போதாத காலம். நிலையான உறக்கத்தினிடத்தில், நிலைமை நிறைவேறியதா என்று இடைவிட்டுக் கேட்டு, நிறைவேறியதும் உடனே முன்செல்லும் காத்திருத்தலை வைப்பதே சரியான திருத்தம். ஆயத்தக் கட்டத்து மீள்முயற்சி என்பது இக்காத்திருத்தலின் மறுபெயர். சோதனை தொடங்குவதற்கு முன்னரே அது முடிந்துவிடுவதால் சோதனையின் சான்றுமதிப்பை அது தீண்டுவதில்லை.

ஆயத்தக் கட்டத்திலும் எல்லாப் பிழைகளுக்கும் மீண்டும் முயல்வது தகாது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு மறுப்புக்கும் ஐந்தெழுத்துக் குறி ஒன்றைத் தருகிறது. 57P03 என்பது வழங்கி எழுந்துகொண்டிருக்கிறது என்பதன் குறி. காத்திருந்து மீண்டும் முயலத்தக்கது. 28P01 கடவுச்சொல் தவறு என்பதையும் 3D000 அப்பெயரில் தரவுத்தளம் இல்லை என்பதையும் உணர்த்துவன. ஒரு நிமிடம் காத்திருப்பதால் கடவுச்சொல் திருந்திவிடப் போவதில்லை. இவற்றுக்கு உடனே நிறுத்திப் பிழைச்செய்தியை உள்ளவாறே காட்டுதல் வேண்டும். அவ்வாறின்றி 60 விநாடி சுழன்றபின் ‘வழங்கி கிடைக்கவில்லை’ என்று பொதுப்படக் கூறும் நிரல், அமைப்புக்கோப்பில் உள்ள எழுத்துப்பிழையைத் தேட வேண்டியவரைப் பிணையத்தில் தேடவிடுகிறது.

சிந்தனைக்குரிய சிக்கல் 53300 என்னும் குறியில் உள்ளது. இணைப்புகள் நிரம்பிவிட்டன என்பது அதன் பொருள். போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பு 100 இணைப்புகள். அவற்றுள் 3 மேலாளர்க்கென ஒதுக்கப்படுவதால் ஏனையோர்க்கு 97 எஞ்சும். தோற்றத்தில் இது தற்காலிகப் பிழை. சிறிது காத்திருந்தால் ஓரிணைப்பு விடுபடும், முயற்சி வெல்லும். ஆனால் சோதிக்கப்படும் மென்பொருள் திறந்த இணைப்புகளை மூட மறந்திருந்தால் முதலில் தலைகாட்டும் அறிகுறியும் இதுவேயாகும். நினைவகத் துப்புரவின்போது கைவிடப்பட்ட இணைப்புகள் தற்செயலாக மூடப்பட, மீள்முயற்சி வென்று, சோதனை பச்சை காட்டும். கசிவு அப்படியே களத்துக்குச் செல்லும். ஆகவே ஒரு பிழை தானே நீங்கக்கூடியதா என்ற வினா மட்டும் போதாது. அப்பிழையைச் சோதிக்கப்படும் மென்பொருளே விளைவித்திருக்கக்கூடுமா என்ற வினாவும் கேட்கப்பட வேண்டும். விளைவித்திருக்கக்கூடும் எனின், தானே நீங்குவதாயினும் மீண்டும் முயலாமல் தோல்வியாகப் பதிவதே நேர்மையான வழி.

காலவெல்லையும் இடைவெளியும்

முயற்சிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் மொத்தக் காலத்துக்கு எல்லை வகுப்பது சிறந்தது. ‘ஐந்து முறை’ என்பது மறுக்கப்பட்ட இணைப்பில் அரை விநாடியும், விடையற்ற இணைப்பில் பத்து நிமிடமுமாக நீளும். ‘60 விநாடிக்குள்’ என்பது எங்கும் 60 விநாடியே. முதல் இடைவெளி 0.1 விநாடி, பின்னர் 0.2, 0.4, 0.8, 1.6 என இரட்டித்து, 2 விநாடியில் நிலைநிறுத்தினால் விரைவில் எழும் வழங்கிக்குக் காலவிரயமில்லை. தாமதிக்கும் வழங்கிக்கு ஓயாத தொல்லையுமில்லை.

இடைவெளியில் சமவாய்ப்புச் சிதறலைக் கலப்பதன் பயனை அமேசான் நிறுவனத்தின் மார்க் புரூக்கர் 2015இல் உருவகக் கணிப்புகளால் காட்டினார். பல நிரல்கள் ஒரே வழங்கியை ஒரே வேளையில் நாடித் தோற்றால், சிதறலின்றி அவை மீண்டும் ஒரே வேளையில் திரண்டு வந்து மோதும். பல இணைச் சோதனைகள் ஒரு பொது வழங்கியைப் பகிரும் சூழலில் இச்சிதறல் தேவை. தனக்கென ஒரு கொள்கலனை வைத்திருக்கும் ஒற்றைச் சோதனைக்கு அது வெறும் அலங்காரம்.

அடுக்குகள் பெருகும்போது முயற்சிகள் கூடுவதில்லை, பெருக்கப்படுகின்றன. இணைப்பு நூலகம் 4 முறை, அதனைச் சூழ்ந்த துணைச்செயல் 4 முறை, சோதனைச் சட்டகம் 4 முறை முயன்றால் வழங்கியின் வாயிலில் 64 தட்டல்கள். நூலகங்கள் பல தமக்குள்ளேயே மீள்முயற்சியை வைத்திருப்பதால், மேலே ஒன்று சேர்க்குமுன் கீழே உள்ளதை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

இணைப்புக்குப் பிந்திய மீள்முயற்சி

இணைப்புக் கிட்டி, கோரிக்கை அனுப்பப்பட்டு, விடை வருமுன் இணைப்பு அறுந்தால் நிலைமை வேறாகிறது. வழங்கி கோரிக்கையைப் பெறவில்லையா, பெற்று முடித்தபின் விடைதான் வழியில் தொலைந்ததா என்று அனுப்பியவரால் பிரித்தறிய இயலாது. எச்டிடிபி நெறிமுறையின் பொருண்மையை வரையறுக்கும் 2022ஆம் ஆண்டின் ஆவணமான ஆர்எஃப்சி 9110, எத்தனை முறை செய்தாலும் விளைவு ஒருமுறை செய்ததற்கு ஒப்பாக நிற்கும் செயல்களைத் தனியே வகுக்கிறது. கெட், புட், டிலீட் ஆகியன அவ்வகையின, போஸ்ட் அவ்வகையினதன்று. பைத்தான் மொழியின் யுஆர்எல்லிப்3 நூலகம் மீண்டும் முயலும் செயல்களின் இயல்பான பட்டியலிலிருந்து போஸ்டை விலக்கியிருப்பதும் இதனாலேயே.

ஆணை ஒன்றைப் பதிந்து, பட்டியலில் ஓர் ஆணைதான் உள்ளதா என்று பார்க்கும் சோதனையைக் கருதுக. விடை தொலைந்தபோது துணைச்செயல் அமைதியாக மீண்டும் அனுப்பினால் பட்டியலில் இரண்டு ஆணைகள் நிற்கும். சோதனை தோற்கும், பழி வழங்கியின்மேல் விழும். குற்றம் சோதனைக் கருவியினுடையது. கோரிக்கையோடு தனித்த அடையாள எண்ணை அனுப்பி, இரட்டைப் பதிவை வழங்கி தவிர்க்குமாறு வடிவமைத்திருந்தால் மட்டுமே அங்கு மீண்டும் அனுப்புதல் பொருந்தும்.

மூன்றாவது தீர்ப்பு

சோதனை முழுவதையும் திரும்ப ஓட்டும் முறையை ஒரே நாளில் கைவிடுதல் பெருந்தொகுப்புகளில் இயல்வதன்று. அங்குக் குறைந்தபட்சத் தேவை, மீள்முயற்சியால் கிட்டிய வெற்றியை முதல்முயற்சி வெற்றியிலிருந்து பிரித்துக் காட்டுவதாகும். பிளேரைட் சட்டகம் முதலில் தோற்று மறுமுறை வென்ற சோதனையை வெற்றி, தோல்வி இரண்டிலும் சேர்க்காமல் தடுமாற்றம் என்ற தனிவகையில் எண்ணுகிறது. மேவன் சூர்ஃபயரும் திரும்ப ஓட்டும் அமைப்பில் இவ்வாறே தனிக்கணக்குத் தருகிறது. இக்கணக்கு ஒவ்வொரு வாரமும் நோக்கப்படுமாயின் எந்தச் சோதனை எந்த நாளிலிருந்து தடுமாறத் தொடங்கியது என்பது தெரியவரும். அந்நாளில் புகுந்த நிரல் மாற்றமே பெரும்பாலும் நல்ல துப்பு. ஆயத்தக் கட்டத்து முயற்சிகளின் எண்ணிக்கையையும் கழிந்த நேரத்தையும் பதிவேட்டில் இடுதல் இதனினும் எளிது. வழங்கி எழ 4 விநாடி எடுத்தது 40 விநாடியாக மெல்ல வளர்வதை அப்பதிவு மட்டுமே காட்டும். 60 விநாடி எல்லை ஒருநாள் உடையும்வரை பச்சை விளக்கு அதனைச் சொல்லாது.

மீள்முயற்சியையே சோதித்தல்

சோதிக்கப்படும் மென்பொருளே அறுந்த இணைப்பைப் புதுப்பித்துக்கொள்ளும் கடப்பாடு உடையதாக இருப்பதுண்டு. அத்திறனைச் சோதிக்கத் தற்செயல் கோளாறுகளை எதிர்பார்த்திருக்க வேண்டியதில்லை. கோளாற்றை வேண்டுமென்றே உண்டாக்கலாம். முதல் இரு இணைப்புகளை மறுத்து மூன்றாவதை ஏற்கும் போலி வழங்கியை எழுதுவது சில வரிகளில் முடியும். ஷாப்பிஃபை நிறுவனம் உருவாக்கி வெளியிட்ட டாக்சிபிராக்ஸி என்னும் கருவி, இரு முனைகளுக்கும் இடையே நின்று தாமதத்தையும் துண்டிப்பையும் வேண்டிய வேளையில் புகுத்துகிறது. மெய்க்கடிகாரத்துக்கு மாற்றாகப் போலிக் கடிகாரத்தை இணைத்தால், இடைவெளிகள் 1, 2, 4 விநாடி என இரட்டிக்கின்றனவா என்பதை ஒரு விநாடியும் காத்திராமல் சரிபார்க்கலாம்.

இத்தகைய சோதனைகளில், தொகுப்பின் மற்றைய பகுதிகளுக்குப் பயன்படும் துணைச்செயல் மீள்முயற்சியும் சட்டகத்தின் திரும்ப ஓட்டும் அமைப்பும் அணைக்கப்பட்டிருத்தல் வேண்டும். அவை இயங்கிக்கொண்டிருந்தால், மீண்டும் முயலும் திறனை மென்பொருள் முற்றிலும் இழந்துவிட்ட பின்னரும் அதன் சார்பில் சோதனைக் கருவி முயன்று, வென்று, மூன்றாவது இணைப்பு ஏற்கப்பட்டது என்று பதிவுசெய்துவிடும். போலி வழங்கியின் கணக்கில் மூன்று தட்டல்களும் சரியாகவே இருக்கும். தட்டியவர் யார் என்பது மட்டும் அக்கணக்கில் இராது.